விழுந்தவன் டிரைவர், தள்ளியவன் யார்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் கணினிப் பகுதியில் சில வாரங்களுக்கு முன் ஒரு வாசகர் கேட்டிருந்தார். வேலை செய்துகொண்டிருக்கும்போதே திரை கறுத்துப் போகிறது, இரண்டு மூன்று விநாடியில் திரும்பி வருகிறது, டிஸ்ப்ளே டிரைவர் பதில் தராமல் நின்றுபோய் மீண்டுவிட்டது என்று கணினி சொல்கிறது, என்ன செய்வது என்று. அதற்கு வந்த பதில் ஒன்றரை வரி. டிரைவரை அப்டேட் செய்யுங்கள், அப்படியும் சரியாகவில்லை என்றால் கிராபிக்ஸ் கார்டு பழுது, மாற்றிவிடுங்கள்.

படித்ததும் எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. இதே ஒன்றரை வரியை நம்பி எட்டு வாரம் அல்லாடியவன் நான். அந்த வாசகர் புதுக் கார்டு வாங்கியிருக்க மாட்டார் என்ற நம்பிக்கையில் இதை எழுதுகிறேன். கடிதம் நீண்டுவிட்டது. வெட்ட வேண்டியிருந்தால் என் புலம்பலை வெட்டுங்கள், விவரத்தை விட்டுவிடுங்கள்.

நான் கணினித் துறைக்காரன் இல்லை. 34 வருடம் கணக்குத் தணிக்கை பார்த்து ஓய்வு பெற்றவன். எனக்குத் தெரிந்த வித்தை ஒன்றுதான். ஒரு தொகை இடிக்கிறது என்றால், அந்தத் தொகை நிற்கிற பக்கத்தையே முறைத்துப் பார்த்துக்கொண்டு உட்காரக் கூடாது. தப்பு வேறு எங்கேயோ நடந்திருக்கும், இடிப்பது மட்டும் இங்கே தெரியும். இந்த விஷயத்தில் அந்த வித்தையை நானே மறந்துபோனேன்.

வீட்டில் இருப்பது மகன் விட்டுவிட்டுப் போன மேசைக் கணினி. விளையாடுவதற்காக அவனே பாகம் பாகமாக வாங்கிச் சேர்த்தது. அதனால் திரையில் தெரிவதை வரைந்து தருகிற தனி கிராபிக்ஸ் கார்டு ஒன்று, இரண்டு விசிறிகளோடு, செங்கல் கனத்தில் உள்ளே உட்கார்ந்திருக்கிறது. நான் அதில் பழைய குடும்பப் புகைப்படங்களை ஸ்கேன் செய்து கீறல்களைச் சரிசெய்து வருகிறேன். பள்ளி இல்லாத நாட்களில் பேரன் விளையாடுவான்.

முதல் தடவை நடந்தது நன்றாக நினைவிருக்கிறது. என் அம்மாவின் படம், கன்னத்துக்குக் குறுக்கே ஒரு மடிப்பு. அதைப் பெரிதாக்கி, பக்கத்துத் தோலின் நிறத்தை எடுத்துப் புள்ளி புள்ளியாக நிரப்பிக்கொண்டிருந்தேன். மவுஸ் அசையவில்லை. ஒன்று, இரண்டு என்று எண்ணுவதற்குள் திரை கறுப்பு. விசிறி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு ஒரு சிமிட்டல், திரை வந்துவிட்டது, ஆனால் படத்தைத் திறந்து வைத்திருந்த மென்பொருள் காணாமல் போயிருந்தது. சேமிக்காத அரை மணி நேர வேலை போச்சு.

டிஸ்ப்ளே டிரைவர் நின்று மீண்டது என்று நான் வாய்விட்டுப் படித்ததை அடுத்த அறையிலிருந்து கேட்ட என் மனைவி, "எந்த டிரைவருங்க நின்னுட்டாரு?" என்றாள். இயக்கி என்று ஒரு நல்ல தமிழ்ச் சொல் இருக்கிறது, அதைச் சொல்லியிருந்தாலும் அவள் கேள்வி மாறியிருக்காது. ஆனால் யோசித்தால் அவள் நினைத்தது ரொம்பத் தப்பில்லை. விண்டோஸ் சொல்வதைக் கார்டுக்குப் புரிகிற மொழியில் மாற்றிச் சொல்லி வேலை வாங்குகிற மென்பொருள்தான் டிரைவர். அது நின்றால் வண்டி நிற்கத்தான் செய்யும்.

சரி, எல்லோரும் சொல்வதைத்தான் நானும் முதலில் செய்தேன். டிரைவரை அப்டேட் செய்தேன். மூன்று நாள் ஒன்றும் இல்லை, நாலாம் நாள் மறுபடி கறுப்பு. இன்னொரு புதுப் பதிப்பு வந்தது, போட்டேன். மறுநாளே கறுப்பு. மூன்றாவதாக ஒன்றும் போட்டேன். பிறகு பழுது பார்க்கிறவர் ஒருவரை வரவழைத்தேன். இளைஞர், மரியாதையானவர். இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு, "கார்டு போச்சு சார். மாத்திடுங்க" என்றார்.

"வேற கம்ப்யூட்டர்ல போட்டுப் பார்க்க வேண்டாமா தம்பி?"

"பார்த்தாலே தெரியுது சார்."

கேபினெட்டின் பக்கவாட்டு மூடியைக்கூட அவர் கழற்றவில்லை. பார்த்தாலே தெரிகிறது என்று சொன்ன எத்தனையோ கணக்கர்களை நான் பார்த்திருக்கிறேன். அவரை அனுப்பிவிட்டு, 40 பக்க நோட்டு ஒன்றை எடுத்துத் தேதி, நேரம், அப்போது என்ன செய்துகொண்டிருந்தேன் என்று மூன்று பத்தி கோடு போட்டேன்.

நோட்டில் நான் எழுதுவதற்கு முன்பே கணினி தன் பங்குக்கு ஒரு குறிப்பேடு எழுதிக்கொண்டிருக்கிறது என்பது பிறகுதான் தெரிந்தது. ஈவென்ட் வியூவர் என்று பெயர். ஸ்டார்ட் பட்டியலில் அந்தப் பெயரைத் தட்டினால் வரும். அதில் விண்டோஸ் லாக்ஸ், அதற்குள் சிஸ்டம். அங்கே டிஸ்ப்ளே என்ற மூலத்தின் பெயரில், 4101 என்ற எண்ணோடு மஞ்சள் முக்கோணம் போட்ட பதிவுகள் வரிசையாக நின்றன. என் நோட்டில் திரை கறுத்த நேரமும் அதில் இருந்த நேரமும் ஒத்துப்போயின. முதல் தடவையாகக் கொஞ்சம் நிம்மதி.

ஒத்துப்போகாமல் இருந்திருந்தாலும் அது ஒரு செய்திதான், இதை யாரும் சொல்வதில்லை. திரை கறுத்துத் திரும்புகிறது, ஆனால் அந்த நேரத்தில் 4101 பதிவே இல்லை என்றால், டிரைவர் நின்றதற்குச் சாட்சி இல்லை. அப்போது சந்தேகப்பட வேண்டியது மானிட்டரையும், அதற்குப் போகிற கேபிளையும், அதன் முனை ஆடுகிறதா என்பதையும்தான். கேபிள் கோளாறுக்கு டிரைவரை மாற்றிக்கொண்டிருப்பவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள் என்று நினைக்கிறேன். இன்னொரு சின்னச் சோதனையும் உண்டு. விண்டோஸ் விசை, கன்ட்ரோல், ஷிஃப்ட் மூன்றையும் பிடித்துக்கொண்டு 'பி' (B) எழுத்தை அழுத்தினால், விண்டோஸ் 10லும் 11லும் டிரைவர் மட்டும் மறுதொடக்கம் ஆகும். ஒரு பீப் சத்தம் வரும், திரை சிமிட்டும். கறுத்துப்போன திரை இதில் திரும்பி வந்தால், உள்ளே கணினி உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். மின்சாரத்தைப் பிடுங்குவதற்கு முன் இதை ஒரு தடவை செய்து பாருங்கள்.

இப்போது அந்த 4101 என்ன சொல்கிறது என்று பார்ப்போம். கிராபிக்ஸ் கார்டுக்கு ஒரு வேலை கொடுத்தால் அதை முடிக்க வேண்டும், அல்லது பாதியில் விட்டு அடுத்த வேலைக்கு வழிவிட வேண்டும். இரண்டு விநாடி ஆகியும் இரண்டுமே நடக்கவில்லை என்றால், கார்டு தொங்கிவிட்டது என்று விண்டோஸ் முடிவு கட்டி, டிரைவரையும் கார்டையும் மீட்டமைத்துத் திரையைத் திரும்பக் கொண்டுவருகிறது. இந்த ஏற்பாட்டுக்கு டிடிஆர் என்று சுருக்கப் பெயர். 2007ல் கடைகளுக்கு வந்த விஸ்டாவிலிருந்துதான் இது இருக்கிறது. அதற்கு முன் கார்டு தொங்கினால் பெரும்பாலும் கணினியையே அணைத்துப் போட வேண்டியதுதான். ஆக நாம் திட்டுகிற அந்தக் கறுப்பு, உண்மையில் காப்பாற்றிவிட்டதன் அறிகுறி. ஒரே நிமிடத்தில் ஐந்து தடவைக்கு மேல் இப்படி ஆனால் விண்டோஸ் கையை விரித்துவிடும், நீலத்திரை (விண்டோஸ் 11இன் அண்மைப் பதிப்புகளில் கறுப்புத் திரை) வரும், அதில் 'வீடியோ டிடிஆர்' என்று தொடங்கும் ஒரு பெயர் இருக்கும்.

கவனியுங்கள், இரண்டு விநாடிக்குள் பதில் வரவில்லை என்பதைத் தவிர அந்தச் செய்தியில் வேறொன்றும் இல்லை. ஏன் வரவில்லை என்று அது சொல்வதில்லை, அதற்குத் தெரியவும் தெரியாது. தெருவில் ஒருவன் மயங்கி விழுந்தால் விழுந்தவன் பெயரை எழுதிக்கொள்கிற மாதிரிதான். பசியா, வெயிலா, யாராவது தள்ளினார்களா என்பது தனி விசாரணை. உங்கள் பகுதியில் வந்த பதில், விழுந்தவனுக்குப் புதுச் சட்டை போட்டுவிடச் சொல்கிறது.

டிரைவரே குற்றவாளியாக இருப்பதும் உண்டு, இல்லை என்று நான் சொல்லவில்லை. புதுப் பதிப்பு போட்ட மறுநாளே தொல்லை ஆரம்பித்தது என்றால் அதுதான் முதல் சந்தேகம். அப்போது செய்ய வேண்டியது அப்டேட் இல்லை, பின்னோக்கிப் போவது. கணினியின் பாகங்களைப் பட்டியலிடும் டிவைஸ் மேனேஜரில் டிஸ்ப்ளே அடாப்டரின் (அதாவது கிராபிக்ஸ் கார்டின்) பண்புகளைத் திறந்தால் 'ரோல் பேக் டிரைவர்' என்று ஒரு பொத்தான் இருக்கிறது. பழைய பதிப்பு கையில் இருந்தால் அது வேலை செய்யும், இல்லாவிட்டால் மங்கிப்போய்க் கிடக்கும். நானும் என் பங்குக்குச் சுத்தமாகவே செய்தேன். அத்தியாவசியமானதை மட்டும் ஏற்றிக்கொண்டு விண்டோஸ் தொடங்குகிற சேஃப் மோடில் போய், பழைய டிரைவரின் மிச்சம் மீதியைத் துடைத்தெடுக்கிற டிடியூ என்ற இலவச மென்பொருளை ஓட்டி, பிறகு கார்டு கம்பெனியின் தளத்திலிருந்து இறக்கி வைத்திருந்த ஒரு பழைய பதிப்பைப் போட்டேன்.

இங்கே ஒரு பள்ளத்தில் விழுந்தேன், மற்றவர்கள் விழ வேண்டாம். இரண்டு நாள் கழித்து டிவைஸ் மேனேஜரில் பார்த்தால், நான் போட்ட பதிப்பின் எண் அங்கே இல்லை, வேறு எண் நிற்கிறது. விண்டோஸ் அப்டேட் தானாகவே இன்னொரு டிரைவரைக் கொண்டுவந்து அதன்மேல் உட்கார்த்திவிட்டது. நான் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்ட பக்கத்தை யாரோ மாற்றி எழுதியது போல இருந்தது. இதைத் தவிர்க்க, பழையதைத் துடைக்கும்போதே இணையத்தைத் துண்டித்துவிட வேண்டும், புதியது ஏறி முடிந்த பிறகுதான் இணைக்க வேண்டும். சாதன டிரைவர்களைத் தானாக இறக்க வேண்டாம் என்று சொல்லும் அமைப்பும் விண்டோஸிலேயே உண்டு. எதைச் செய்தாலும் ஒரு வாரம் கழித்துப் பதிப்பு எண்ணை மறுபடி பாருங்கள். நாம் போட்ட டிரைவரைத்தான் நாம் சோதிக்கிறோமா என்று தெரியாமல் செய்கிற சோதனை வீண்.

அப்படியும் 4101 நிற்கவில்லை.

அடுத்து வந்தது வேறொரு வைத்தியம். தெரிந்தவர் ஒருவர், அந்த இரண்டு விநாடியை விண்டோஸ் தன் உள் அமைப்புகளை எழுதி வைத்திருக்கும் ரெஜிஸ்ட்ரியில் எட்டாகவோ பத்தாகவோ மாற்றிவிட்டால் பிரச்சினை போய்விடும் என்றார். அந்த மதிப்புக்கு 'டிடிஆர் டிலே' என்று பெயர். செய்தேன், ஏன் பொய் சொல்ல வேண்டும். கறுப்பதற்குப் பதிலாகத் திரை எட்டு விநாடி உறைந்து நின்று, அப்புறம் கறுத்தது. தணிக்கைத் தேதியைத் தள்ளிப்போட்டால் பற்றாக்குறை தானாகச் சரியாகிவிடும் என்று நினைக்கிற காசாளரை எனக்குத் தெரியும். அவர் ஞாபகம் வந்தது. இந்த மதிப்புகள் டிரைவர் எழுதுகிறவர்களின் சோதனைக்காக வைத்திருப்பவை, மற்றவர்கள் கைவைக்க வேண்டாம் என்று மைக்ரோசாஃப்ட்டே தன் ஆவணத்தில் எழுதியிருக்கிறது. அதைப் பிறகுதான் படித்தேன். பழையபடி மாற்றிவிட்டேன்.

வெப்பத்தையும் மின்சாரத்தையும் பார்த்தது சீக்கிரம் முடிந்த வேலை. டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில், தனி கார்டாக இருந்தால், அதன் வெப்பநிலை தெரியும். பேரனை அரை மணி நேரம் விளையாடச் சொல்லிப் பார்த்தேன் (அவன் வாழ்க்கையிலேயே தாத்தா இப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை). 71 டிகிரியைத் தாண்டவில்லை. மூடியைக் கழற்றித் தூசியைத் துடைத்தேன், கார்டுக்குப் போகிற மின்கேபிளைப் பிடுங்கிக் 'கிளிக்' சத்தம் கேட்கும் வரை அழுத்திச் சொருகினேன். விளையாடும்போது மட்டும், கார்டு முழு மூச்சில் ஓடும்போது மட்டும் விழுகிறது என்றால் வெப்பமும் பவர் சப்ளையும்தான் முதல் சந்தேகம். என் நோட்டு அப்படிச் சொல்லவில்லை. விளையாட்டில் விழுந்ததைவிட, சும்மா ஒரு பக்கத்தைப் படித்துக்கொண்டிருந்தபோது விழுந்ததுதான் அதிகம். ஒரு தடவை கணினியைத் தொடாமல் கடிதம் ஒன்றைக் கையால் எழுதிக்கொண்டிருந்தேன், அப்போதும் கறுத்தது.

பிரவுசரில் 'ஹார்ட்வேர் ஆக்சிலரேஷன்' என்ற வசதியை நிறுத்தியதும் தொல்லை பாதியாகக் குறைந்தது. வென்றுவிட்டேன் என்று மனைவியிடம் சொல்லிக்கொண்டேன். நடந்தது வேறு. பிரவுசர் கார்டிடம் வேலை கொடுப்பதை நிறுத்திவிட்டது, அதனால் கார்டுக்குத் தடுமாறும் வாய்ப்பு குறைந்தது, அவ்வளவுதான். ஆள் கடைக்கே போகவில்லை என்றால் கடனும் ஏறாது.

இந்த நிலையில்தான் ஒரு நாள் பேரன் ஏதோ ஒரு ஜிப் கோப்பை இறக்கினான். திறக்கப் போனால் கோப்பு சேதம் என்று வந்தது. "நெட் சரியில்லடா, மறுபடி இறக்கு" என்றேன். அவன் சோம்பேறி. மறுபடி இறக்காமல், அதே கோப்பை மறுபடி சொடுக்கினான். திறந்துகொண்டது.

"தாத்தா, இப்ப நல்லா இருக்கு."

சரி என்று விட்டுவிட்டு நான் இரண்டு அடி நடந்திருப்பேன். திரும்பி வந்தேன். அதே கோப்பு. வட்டில் ஒரு எழுத்துகூட மாறவில்லை. ஒரு நிமிடத்துக்கு முன் சேதம், இப்போது சேதமில்லை. இதற்கும் டிஸ்ப்ளே டிரைவருக்கும் என்ன சம்பந்தம்? ஒரு சம்பந்தமும் இல்லை. அப்படியானால் இந்தக் கணினியில் திரையைத் தவிர வேறொன்றும் கோளாறு.

அன்று ராத்திரி ரிலையபிலிட்டி மானிட்டர் என்ற ஒன்றைத் திறந்தேன். ஸ்டார்ட் பட்டியலில் 'ரிலையபிலிட்டி' என்று தட்டினால் போதும். ஈவென்ட் வியூவர் நாட்குறிப்பு என்றால் இது பேரேடு. ஒவ்வொரு நாளும் எது விழுந்தது என்று சிவப்புப் பெருக்கல் குறி போட்டுக் காட்டும், மேலே 1 முதல் 10 வரை கணினிக்கு மதிப்பெண் வேறு. என்னுடையது 2க்குக் கீழே இருந்தது. ஒவ்வொரு நாளாகச் சொடுக்கிப் பார்த்தேன். என் நோட்டில் 31 தடவை திரை கறுத்ததாக எழுதியிருந்தேன். இதே எட்டு வாரத்தில் பிரவுசர் 11 தடவை தானாக மூடியிருக்கிறது. பிடிஎஃப் படிக்கிற மென்பொருள் ஐந்து தடவை. கோப்புகளைக் காட்டுகிற விண்டோஸின் சொந்த எக்ஸ்ப்ளோரரே மூன்று தடவை. நீலத்திரை மூன்று, மூன்றுக்கும் மூன்று வேறு பெயர்கள், அதில் ஒன்றில் மெமரி என்ற சொல் பட்டவர்த்தனமாக இருந்தது.

எல்லாம் என் கண்ணெதிரே நடந்தவை. பிரவுசர் மூடினால் 'சனியன்' என்று திறந்துகொள்வேன். அதை நோட்டில் எழுதவே இல்லை, ஏனென்றால் அது டிஸ்ப்ளே பிரச்சினை இல்லையே! ஒரே ஒரு கணக்கின் பெயரை மேலே எழுதி வைத்துக்கொண்டு, அதற்கு வந்த பற்றை மட்டும் எழுதியிருக்கிறேன். மற்றதெல்லாம் அனாமத்தில் கிடந்திருக்கிறது. வேலையில் இருந்தபோது ஒரு உதவியாளர் இப்படிச் செய்திருந்தால் அவரை நான் என்ன பேசியிருப்பேன் என்று எனக்குத் தெரியும்.

சிவப்புக் குறிகள் எந்தத் தேதியில் ஆரம்பிக்கின்றன என்று பின்னால் போனேன். அதற்கு முன் வரை மதிப்பெண் 9, 10 என்று சமதரையாக ஓடுகிறது. அந்தத் தேதியில் என்ன செய்தேன்? நினைவில்லை. ரசீதுகளை வைத்திருக்கும் உறையை எடுத்தேன், அந்தப் பழக்கம் மட்டும் போகவில்லை. முதல் சிவப்புக் குறிக்கு மூன்று நாள் முன் தேதியிட்டு ஒரு ரசீது இருந்தது. 8 ஜிபி ரேம் ஸ்டிக் ஒன்று, அதாவது வேலை நடக்கும்போது கணினி எல்லாவற்றையும் தற்காலிகமாக நினைவு வைத்துக்கொள்கிற மெமரிப் பட்டை.

பெரிய ஸ்கேன் கோப்புகளுக்கு 8 ஜிபி போதவில்லை என்று, ஏற்கெனவே இருந்ததற்கு ஜோடியாக இன்னொன்று வாங்கி நானே சொருகியிருந்தேன். அதே கம்பெனி, அதே வேகம், பார்த்தால் இரட்டைப் பிள்ளைகள். சொருகிய கையோடு, விண்டோஸ் தொடங்குவதற்கு முன்பே திறக்கிற அடிப்படை அமைப்புப் பக்கமான பயாஸில் போய் எக்ஸ்எம்பி என்ற அமைப்பையும் இயக்கிவிட்டேன். இதுபோன்ற ஸ்டிக்குகளின் அட்டையில் 3200 என்று போட்டிருந்தாலும், பல சமயம் இந்த அமைப்பை இயக்கினால்தான் அந்த வேகத்துக்குப் போகும், இல்லாவிட்டால் குறைந்த பொது வேகத்தில் ஓடும். காசு கொடுத்த வேகத்தை விடுவானேன் என்று நினைத்தேன்.

விண்டோஸோடு வருகிற மெமரி சோதனையை முதலில் ஓட்டினேன். பிழை எதுவும் இல்லை என்றது. அதோடு நிறுத்தியிருந்தால் இன்றும் அல்லாடிக்கொண்டிருப்பேன். மெம்டெஸ்ட்86 என்று ஒன்று இருக்கிறது. பென் டிரைவில் ஏற்றி, விண்டோஸ் தொடங்குவதற்கு முன் அதிலிருந்து கணினியைக் கிளப்ப வேண்டும். இலவசப் பதிப்பு நாலு சுற்று ஓடும். படுக்கப் போகும்போது ஓடவிட்டேன். தூக்கம் வரவில்லை, எழுந்து எழுந்து வந்து பார்த்தேன். முதல் சுற்றில் பிழை என்ற கட்டத்தில் 0. இரண்டாம் சுற்று பாதியில் அது 3 என்று நின்றது. காலையில் 14.

கோடிக்கணக்கான எழுத்துகளில் 14 பிழை என்ன பெரிது என்று தோன்றும். ரேமில் ஒரு பிழையும் இருக்கக் கூடாது. அதிலும் என் கணினியில் இருப்பது போன்ற சாதாரண ரேமுக்குத் தன் பிழையைத் தானே கண்டுபிடிக்கிற வசதி கிடையாது, அது பெரும்பாலும் சர்வர் கணினிகளுக்கான ரேமில்தான் உண்டு. நம்முடையது தப்பாக நினைவு வைத்திருந்ததை அப்படியே சாதித்துச் சொல்லும். ஜிப் கோப்பின் ஒரு துளி அந்த இடத்தில் போய் உட்கார்ந்தால் கோப்பு சேதம் என்று வரும், அடுத்த தடவை வேறு இடத்தில் உட்கார்ந்தால் திறந்துகொள்ளும். பிரவுசர் உட்கார்ந்தால் பிரவுசர் மூடும். டிஸ்ப்ளே டிரைவரும், அது கார்டுக்கு அனுப்புகிற கட்டளைகளும் இந்த ரேமில்தான் இருக்கின்றன. கட்டளையில் ஒரு இலக்கம் மாறிப்போனால் கார்டு திகைத்து நிற்கும், இரண்டு விநாடி ஆகும், 4101 பதிவாகும். பாவம், டிரைவர் தனக்குக் கொடுத்ததைத்தான் படித்தது.

ஸ்டிக்குகளை ஒவ்வொன்றாகத் தனியே போட்டுச் சோதித்தேன். இரண்டு ராத்திரி. முதல் ஸ்டிக்கில் 0. புது ஸ்டிக்கிலும் 0! கடைக்குத் திருப்பித் தரலாம் என்ற என் திட்டம் அங்கேயே போச்சு. இரண்டையும் சேர்த்துப் போட்டு 3200ல் ஓட்டினால் பிழை. தனித்தனியே யோக்கியர்கள், கூட்டுச் சேர்ந்தால் கணக்கு உதைக்கிறது. பெயரும் வேகமும் ஒன்றாக இருந்தாலும், வேறு வேறு சமயத்தில் தயாரான ஸ்டிக்குகளின் உள்ளே இருக்கிற சில்லுகள் வேறாக இருக்கலாமாம். அதனால்தான் இரண்டு வேண்டுமென்றால் ஜோடியாகப் பொட்டலம் கட்டி விற்பதை வாங்கச் சொல்கிறார்கள். பயாஸுக்குப் போய் எக்ஸ்எம்பியை நிறுத்தி, வேகத்தை 2666க்குக் குறைத்தேன். நாலு சுற்று, 0. அடுத்த ராத்திரி மறுபடி நாலு சுற்று, 0.

வேகம் குறைந்ததில் என் கண்ணுக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. புதுக் கார்டு வரும் என்று காத்திருந்த பேரனுக்குத்தான் ஏமாற்றம்.

இதைப் படித்துவிட்டு எல்லோரும் ரேமைச் சந்தேகப்பட வேண்டும் என்று சொல்ல வரவில்லை. அதுவும் அந்த ஒன்றரை வரி மாதிரிதான் ஆகிவிடும். உங்கள் பகுதியை எழுதுகிறவர், பதில் சொல்வதற்கு முன் அந்த வாசகரிடம் திருப்பிக் கேட்டிருக்கலாம் என்றுதான் சொல்கிறேன். திரை கறுத்த நேரத்தில் 4101 இருக்கிறதா, எப்போதிலிருந்து, அதற்கு முந்தைய வாரம் கணினியில் எதை மாற்றினீர்கள், திரை மட்டும்தானா அல்லது வேறு மென்பொருளும் விழுகிறதா, விளையாடும்போதா சும்மா இருக்கும்போதா. இந்தக் கேள்விகளுக்கு இடம் போதாது என்றால், பக்கத்தில் வருகிற ராசிபலனில் இரண்டு வரி கடன் வாங்கிக்கொள்ளலாம். அப்புறம் இன்னொன்று, ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்றச் சொல்லுங்கள். நான் ஆரம்பத்தில் ஒரே நாளில் டிரைவரையும் மாற்றி, கேபிளையும் மாற்றி, தூசியும் தட்டி, மூன்று நாள் நன்றாக ஓடியதும் எதனால் என்று தெரியாமல் விழித்தேன். மூன்றாலுமே இல்லை என்பது நாலாம் நாள் தெரிந்தது.

தங்கள் பகுதியில் திருத்தம் வெளியிடுவதாக இருந்தால், பதில் வந்த அதே இடத்தில், அதே எழுத்து அளவில் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். மூலையில் பொடி எழுத்தில் போட்டால், கார்டு வாங்கக் கிளம்பியவர் கண்ணில் படாது.

அம்மாவின் படம் முடிந்துவிட்டது, கன்னத்து மடிப்பு இருந்த இடம் எனக்கு மட்டும்தான் தெரியும். இதை எழுதுகிற இன்றோடு 38 நாள் ஆகிறது. 4101 ஒன்றுகூட இல்லை, ரிலையபிலிட்டி மானிட்டரில் மதிப்பெண் 10ஐத் தொட்டுவிட்டது. 39ஆம் நாள் கறுத்தால் அதையும் எழுதி அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தணிக்கை அலுவலர் ஒருவர்